எலியும் பழந்தின்னியும் ஒரே பட்டியலில்

எலி டூட்டி

வேளாண்மைத் துறையில் நான் ஃபீல்டுமேனாகச் சேர்ந்த அன்று, ஆபீசர் என் கையில் கொடுத்தது ஒரு தகர டப்பா. உள்ளே கறுப்பாகப் பொடி. மூடியைத் திறந்தால் பூண்டு நாற்றம். ஜிங்க் பாஸ்பைடு என்று பெயர், ஊரில் எல்லோருக்கும் எலி மருந்து.

"பாய், மொதல்ல எலியை ஒழிங்க. மத்த வேலையெல்லாம் அப்புறம் கத்துக்கலாம்," என்றார்.

அவர் பேச்சைக் கேட்டு நான் காத்திருந்திருந்தால் ரிட்டயர் ஆகும்வரை மற்ற வேலை எதையும் கற்றிருக்க மாட்டேன்.

ஆபீசர் பெயர் ரங்கநாதன். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். திருவாரூரைச் சுற்றி வாய்க்கால் வாய்க்காலாக என்னை சைக்கிளில் துரத்துவார். வரப்பில் வளை பார்ப்பது, மருந்து வைப்பது, செத்த எலிகளைச் சேர்ப்பது என் வேலை. அதோடு இன்னொன்றும் உண்டு. பெட்டை எலிகளில் சிலவற்றை வயிற்றைக் கீறிப் பார்த்து, உள்ளே எத்தனை குட்டி என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். முதல் தடவை குமட்டிக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. எட்டு இருக்கும், பத்து இருக்கும், சில சமயம் அதற்கும் மேலே இருக்கும்.

சம்பாவில் கூடை கூடையாகக் கொன்றோம். குறுவைக்குப் போய்ப் பார்த்தால் வரப்பு மறுபடி சல்லடை. எனக்கு வெறுத்துப்போனது. "சார், நாம எதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

ரங்கநாதன் சிரித்தார். "பொறந்து மூணு மாசம்கூட ஆகாது பாய், அது தாயாயிடும். மூணு வாரத்துல அடுத்த ஈத்து. நாம கொல்றதைவிட அது பெத்துக்கிறது வேகம். நம்ம வேலை அறுவடை வரைக்கும் அமுக்கி வைக்கிறதுதான்."

மிருகம் என்றால் இப்படித்தான் போல, நாம் கொல்லக் கொல்ல அது வந்துகொண்டே இருக்கும் என்று நானும் மனதில் போட்டுக்கொண்டேன். நான் மட்டுமல்ல, துறையில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான்.

அஞ்சலை தோப்பு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரர்களின் உபரி நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலிக்காரர்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. வரும் இடத்தில் எல்லாம் வழக்கு, அடிதடி. நான் சொல்லும் ஊரில் அறுவடை என்றால் போலீஸ் வேன் வந்து நிற்கும். மிராசுதாரர் தெரு ஆட்கள் ஒரு டீக்கடை, செங்கொடிக்காரர்கள் ஒரு டீக்கடை. நான் அரசாங்க ஆள், இரண்டிலும் குடித்துத் தொலைக்க வேண்டும்.

அந்த ஊர் வாய்க்கால் கரையில் ஒரு பெரிய ஆலமரம். அதில் இலையைவிடப் பழந்தின்னி வௌவால்தான் அதிகம் என்று சொல்லலாம். பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சளசளவென்று சண்டை போடும். அதற்குப் பயம் காட்டக் கூடாது என்று தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் இதில் மட்டும் ஒத்துப்போகும்.

மரத்துக்குப் பக்கத்தில் இருந்த கொய்யாத் தோப்பு உபரியாக எடுக்கப்பட்டு, அதில் ஒரு துண்டு அஞ்சலை என்பவர் பெயருக்கு வந்தது. புருஷன் இல்லாதவர், நாற்றங்காலிலும் நடவிலும் கிடந்து தேய்ந்த உடம்பு. பிறந்ததிலிருந்து அவர் பெயரில் இருந்த முதல் சொத்து அதுதான். சொந்தமாகச் சாகுபடி செய்து காட்டாவிட்டால் பட்டா ரத்தாகும் என்பது நிபந்தனை. மிராசுதாரரின் ஏஜெண்டு அதற்காகவே காத்திருந்தார். "இவங்களுக்கு நாத்து பறிக்கத் தெரியும், தோப்பு பாக்கத் தெரியுமா? சும்மாப் போட்டு வெச்சிருக்காங்கன்னு நானே ஆர்.ஐ.கிட்ட சொல்லுவேன்," என்று டீக்கடையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரையில் வருவாய் ஆய்வாளர் தோப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

மாசிக் கடைசியில் காய் திரண்டது. பழுக்க ஆரம்பித்ததும் பழந்தின்னிகள் இறங்கிவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் கடித்துத் துப்பிய சக்கைதான் கிடக்கும்.

அஞ்சலை நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். "எலிக்கு மருந்து வெக்கிறீங்கல்ல சார், இதுக்கும் எதாச்சும் வெச்சுக் கொல்லுங்க."

"அக்கா, உங்க ஊர்லதான் அதுக்காக வெடியே வெடிக்க மாட்டீங்களே," என்றேன்.

"தோப்பு அவங்களுதா இருந்தப்ப தின்னுச்சு, நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப என்னுதத் தின்னுது. இந்த வருசம் காய் இல்லன்னா ஏஜெண்டு ஜெயிச்சுருவாரு."

ரங்கநாதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வனவிலங்குச் சட்டம் அப்போது புதுசு. அதில் தீங்குயிர் என்று ஒரு பட்டியல் இருந்தது. காக்கை, எலி, சுண்டெலி, அதோடு பழந்தின்னி வௌவால். கொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"எல்லாம் ஒரே பட்டியல்தான் பாய். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறவங்க ரெண்டு பேரை வரச்சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை. பாதி போனாக்கூட அடுத்த வருசம் மறுபடி ரொம்பிடும், ஊர்க்காரங்களுக்கும் மனசு கஷ்டம் இருக்காது," என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பம்ப்செட் கம்பி

மரத்தைப் பார்த்து வைக்க செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். தோப்பு ஓரம் பம்ப்செட்டுக்கு இழுத்த கரண்டுக் கம்பியில் ஒரு பழந்தின்னி அடிபட்டுக் கீழே விழுந்து கிடந்தது. சிறகை விரித்துப் பார்த்தால் என் இரண்டு கையையும் நீட்டிய அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. முகம் நாய்க்குட்டி மாதிரி இருந்தது. மார்பில் எதுவோ அசைந்தது. சிறகை நகர்த்தினால், ஒரு குட்டி. தாயின் மயிரை நகத்தால் பற்றிக்கொண்டு, வாயில் முலையோடு, உயிரோடு இருந்தது.

எனக்கு எலிப் புத்தி. மற்ற குட்டிகள் எங்கே சிதறின என்று புல்லிலும் வாய்க்கால் சரிவிலும் தேடினேன். ஒன்றும் இல்லை. தாயைத் திருப்பிப் பார்த்தேன். முலை இரண்டுதான், பக்கத்துக்கு ஒன்று. பெட்டை எலிக்கு வயிறு நெடுக முலை இருக்கும். எத்தனையோ எலிகளைக் கீறிய கை எனக்கு. இவ்வளவு பெரிய உடம்பு, இரண்டே முலை, ஒரே ஒரு குட்டி.

அப்போதுதான் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. சிறகு விலகும்போதெல்லாம் உள்ளே ஒரு குட்டி தெரிந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு குட்டியோடு ஒரு தாயைக்கூடக் காணோம். என்னை அறியாமல் 'சுப்ஹானல்லாஹ்' என்று வாயில் வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். விலங்கியல் துறையில் என்னைவிட வயதில் சின்ன ஒரு லெக்சரர் அம்மா இருந்தார், எலி விஷயமாக முன்பே பழக்கம். வெள்ளிக்கிழமை சுடப்போவதையும் சொன்னேன். பஞ்சில் பாலை நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டே பேசினார்.

"வருஷத்துக்கு ஒண்ணுதான் சார். அந்தக் குட்டி வளர்ந்து தாயாக ரெண்டு வருஷமாவது ஆகும்."

"அப்படின்னா இந்த இனம் எப்பவோ அழிஞ்சிருக்கணுமே மேடம்?"

"எலிக்கு நாளைக்கு உயிரோட இருப்போமாங்கிறதே நிச்சயமில்ல. பாம்பு, ஆந்தை, வெள்ளம், இப்ப நீங்க வேற. அதனால அதுக்கு அவசரம், அள்ளி அள்ளிப் பெத்துப் போடுது. இது உசரத்துல தொங்குது, ராத்திரியில பறக்குது. பிடிக்கிறவங்க கம்மி. இருபது வருஷம்கூட வாழும். அதனால நிதானமா ஒண்ணு பெத்து, அதை உருப்படியா வளர்க்குது. இத்தனை காலமும் அந்தக் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. துப்பாக்கி வந்தா தப்பாயிடும். நூறு தாயைச் சுட்டீங்கன்னா, மிச்சம் இருக்கிறதுங்க அவசரப்பட்டு ரெண்டு ரெண்டாப் பெக்காது சார். அதுங்களுக்கு அவசரப்படத் தெரியாது."

ஒரு உயிர் எத்தனை குட்டி போடுகிறது, எப்போது தாயாகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்ற மூன்று சங்கதிக்குள் அதன் தலையெழுத்தே இருக்கிறது. நான் வருஷக்கணக்காக எலி வயிற்றைக் கீறி எண்ணியிருக்கிறேன், இது ஒரு நாளும் உறைக்கவில்லை. அந்தக் குட்டி பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது என்று மேடம் சொல்லி அனுப்பினார்.

யார் பதில் சொல்வது

ஆபீசுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரங்கநாதன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி பாய். சுடலைன்னா அந்தப் பொம்பளை காய்க்கு யாரு பதில் சொல்றது? பட்டா போச்சுன்னா வௌவாலா வந்து சாட்சி சொல்லும்?"

"நான் பதில் சொல்றேன் சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம். அதுக்குள்ள ஒரு வழி காட்டுங்க. இல்லன்னா சுடத்தான் வேணும்," என்றார்.

அஞ்சலையிடம் சொல்லப் போனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு பெத்தா என்ன, பத்து பெத்தா என்ன? என் காயைத் தின்னா தின்னதுதானே சார்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? நேரே நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். என் மச்சான் அங்கே வலைக் கடை வைத்திருந்தார். கிழிந்துபோய் மீனவர்கள் கழித்துப்போட்ட சின்னக் கண்ணி நைலான் வலைகள் அவர் கொல்லையில் மலையாகக் கிடந்தன.

"வௌவாலுக்கா? மாப்ள, உங்களுக்கு எலி மருந்து தலைக்கு ஏறிடுச்சு," என்றார். ஆனாலும் மூட்டை கட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை முழுக்க அஞ்சலையின் தெருக்காரர்கள் மூங்கில் நட்டு வலை போர்த்தினார்கள். வெள்ளி காலையில் போய்ப் பார்த்தேன். பாதி மரங்களில் வலை தொய்ந்து காயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பழந்தின்னிகள் வெளியே தொங்கியபடியே வலைக்கு மேலாகக் கடித்திருந்தன. துப்பாக்கிக்காரர்களும் வந்துவிட்டார்கள். ரங்கநாதன் ஜீப்பில் இருந்து இறங்கித் தோப்பை ஒரு சுற்று சுற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை விறைப்பாக நின்ற மரங்களில் ஒரு காய்கூடப் போகவில்லை. அதை அவரே கையால் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சலை, மிச்சத்தையும் இதே மாதிரி இழுத்துக் கட்ட முடியுமா? முடியாதுன்னா சொல்லு, இப்பவே சுடச் சொல்றேன்."

அஞ்சலை மரத்தைப் பார்க்கவில்லை, காயைத்தான் பார்த்தார். "கட்டிடலாம் சார்," என்றார்.

துப்பாக்கிகள் உறையோடு திரும்பிப் போயின. சித்திரையில் ஆர்.ஐ. வந்தபோது கூடை கூடையாகக் கொய்யா இருந்தது. ஏஜெண்டு அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த ஊர்

இளைய ஃபீல்டுமேன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலைந்து மைல் தள்ளி இன்னொரு ஊரில் இதேபோல ஒரு மரம் இருந்தது. அங்கே அதே வருஷம் சுட்டார்கள். குட்டிகள் மார்பில் இருக்கும் மாதம், ஒரு குண்டில் இரண்டு உயிர் போனது. தப்பியவை கலைந்து போய்விட்டன. நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். மரம் பச்சைப்பசேலென்று நிற்கும், ஒரு வௌவால் இருக்காது. அதன் அடியிலேயே வரப்பில் எலி வளை புதிது புதிதாக இருக்கும். இத்தனை விஷம் வைத்தும் எலியை நான் ஜெயிக்கவில்லை. வௌவாலை ஒரே காலையில் முடித்துவிட்டார்கள். கூட்டமாக இருக்கிறதே என்று எந்த உயிரையும் எடை போடாதீர்கள். போனால் திரும்பி வர அதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்.

மறு பங்குனி

அடுத்த வருஷம் வலை கட்டும் நாளில் மேடத்திடம் பைனாகுலர் இரவல் வாங்கிப் போயிருந்தேன். அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"பொறந்ததுலேந்து இந்த மரத்தடிதான் சார். எச்சம் கண்ணுல விழும்னு நிமிந்து பாத்ததே இல்ல," என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கண்ணில் வைத்தார்.

நெடுநேரம் கண்ணிலிருந்து அதை எடுக்கவில்லை. ஒரு தாய் தன் குட்டியை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. பிறகு சிறகால் மூடிக்கொண்டது.

"எறக்கியே விடாதா?"

"இன்னும் கொஞ்ச நாள் மார்லதான் அக்கா. இரை தேடப் போறப்பகூடத் தூக்கிக்கிட்டுத்தான் பறக்கும். அப்புறம் கிளையில விட்டுட்டுப் போயி, திரும்பி வந்து பால் குடுக்கும். அடுத்த குட்டி அடுத்த வருசம்தான்."

அவர் கண்ணாடியை இறக்கினார். "பெத்த ஈரம் காயல, என்னை நடவுக்கு எறக்கிட்டாங்க. புள்ள வரப்புல கெடந்து கத்தும். மார்ல பால் கட்டிக்கிட்டு தெறிக்கும். பொழுது சாயாம கரையேற விட மாட்டாரு அந்த ஏஜெண்டு. மொதப் புள்ள அப்படித்தான் போச்சு சார். இதுக்கு மாதிரி மார்லயே வெச்சிருக்க விட்டிருந்தா பொழச்சிருக்கும்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். வரிசையாக ஒவ்வொரு மரத்துக்கும் வலையை இழுத்துக் கட்டினோம். ஆலமரத்தை ஒட்டிய கடைசிக் கொய்யாவுக்கு வந்தபோது வலை மிச்சம் இருந்தது. நான் மூங்கிலை எடுத்தேன். அஞ்சலை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார்.

"இந்த ஒண்ணு கெடக்கட்டும் சார். பால் குடுக்குறவ, பசிக்கும்."