மொமொசே வாங்கிய சின்ன லென்ஸ்

ஜப்பானின் மலையூரான மாட்சுமோட்டோவில் பழைய கேமரா வாங்கி விற்கும் கடைகளில் என்னுடையது ஒன்றுதான் மிச்சம். வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை, பொழுதைப் போக்க வருகிறார்கள். அவர்களை விரட்டுவதில் நான் பெயர் எடுத்தவள். மொமொசேயை மட்டும் விரட்டியதில்லை. அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

மொமொசே நோரிக்குரா மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே மனிதர் ஃபுரிஹாதா, பல் டாக்டர். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரக் கேமரா. ஒரு தாள் ஃபிலிமுக்கு ஒரு படம் எடுக்கும் பெரிய கேமரா அது. மொமொசே கேமராவைச் சுமப்பார், ஃபுரிஹாதா லென்ஸையும் முக்காலியையும் சுமப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுந்ததும் மலையேறி, ஒரே புல்வெளியில் நிற்கும் ஒரே பிர்ச் மரத்தை விடியற்காலையில் படமெடுப்பார்கள். அதைப் புத்தாண்டு வாழ்த்து அட்டையாக அச்சடித்து, இரண்டு பேர் பெயரையும் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார்கள். "வேற மரமே கிடைக்கலையா?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இது கோவிச்சுக்குமே" என்றார் ஃபுரிஹாதா.

இந்த வருடம் செர்ரி பூத்த வாரத்தில் ஃபுரிஹாதா போய்விட்டார்.

வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் வாழ்த்து அட்டை அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் அந்தத் துக்கம் மனைவிக்கு, பிள்ளைக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு. சிநேகிதனுக்கு அதில் இடமில்லை. முப்பது வருடம் கூடவே மலையேறியவனும் ஜனவரி முதல் தேதி சிரித்த முகமாக வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்கு நல்ல சிநேகிதர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அக்டோபரில் மொமொசே கடைக்கு வந்தார்.

"லென்ஸ் ஒண்ணு வேணும், கமிஜோ சான். சின்னதா."

"உங்க லென்ஸுக்கு என்ன கேடு?"

"அது அவரோடது. அவரு பையன் நகோயாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். அவரு சம்சாரம் என்னைத்தான் வச்சுக்கச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்."

எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது. எங்கள் ஆட்களின் வியாதி இது. முதல் தடவை கொடுத்தால் வேண்டாம் என்போம். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்தினால்தான் கை நீளும். துக்க வீட்டில் யாருக்கு அவ்வளவு தெம்பு இருக்கும்?

"அதுவும் கனம்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "இப்ப எல்லாமே ஒரே முதுகுல ஏறணும். முழங்கால் தாங்காது. இந்த வருஷம் தனியா முடியலைன்னா கேமராவை இங்கயே வித்துடறேன். அப்புறம் மலைப்பக்கம் போக மாட்டேன்."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தேன். ஒன்றின் உள்ளே பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. இன்னொன்று பார்க்க லட்சணமாக இருந்தாலும் பெரிய ஃபிலிமின் மூலைகள் வரை எட்டாது, நாலு ஓரமும் இருட்டாக விழும். மூன்றாவது மோச்சி என்கிற அரிசி உருண்டை அளவுதான். கண்ணாடி சுத்தம், ஷட்டர் தடுமாறவில்லை. அதை மாட்டியபடியே கேமராவை மடித்து மூட முடிந்தது. மொமொசே மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். பொம்மை கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது.

விற்று அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கேமராவோடு அவரைப் பின்னாலிருக்கும் இருட்டு அறைக்கு இழுத்துப்போனேன். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்கண்ணாடியில் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியல."

"சின்ன லென்ஸ்னா வெளிச்சமும் கொஞ்சமாத்தான் உள்ள வரும். விடியறதுக்கு முன்னாடி நோரிக்குராவுல இதுகூடத் தெரியாது."

"மரத்துக்கிட்ட டார்ச் எரிஞ்சாப் போதும். அந்தப் புள்ளியை வச்சு ஃபோகஸ் பண்ணிடுவேன். எப்பவும் அப்படித்தானே."

"டார்ச்சை யாரு பிடிப்பாங்க?"

அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"கிளையில கட்டிடறேன்" என்றார்.

லென்ஸை வாங்கிக்கொண்டு போனார். பிறகு டிசம்பரில், அட்டை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில்தான் வந்தார். ஒரு படத்தை என் மேஜையில் வைத்தார். அந்தச் சின்ன லென்ஸ் சோடை போகவில்லை. ஒவ்வொரு கிளையும் கூர்மையாக விழுந்திருந்தது. ஆனால் புதுப்பனியின் நடுவே மரம் வரை ஒரு காலடித் தடம் போயிருந்தது, பக்கத்திலேயே இன்னொன்று திரும்பி வந்திருந்தது.

"டார்ச்சைக் கட்டப் போனேன், வந்தேன். ஃபோகஸ் பண்ணிட்டு, இருட்டுலயே ஃபிலிம் தட்டைச் சொருகிட்டேன். வெளுத்தப்பறம்தான் தடம் கண்ணுல பட்டுச்சு. மத்தியானத்துக்குள்ள பனியும் உருகிடுச்சு."

"முப்பது வருஷமா ஒரு படத்துலயும் தடமே இல்லையே?"

"அதான் நானும் அங்க நின்னு யோசிச்சேன்." படத்தின் விளிம்பை விரலால் தடவினார். "நான் துணிக்குள்ள இருப்பேன். டார்ச் புள்ளி தெரியும்போதுதான் அவரு போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் ஆகும். என்னய்யா ஆமை மாதிரி போறீங்கன்னு கத்துவேன். அவரு எங்கயோ சுத்தி, மரத்துக்குப் பின்பக்கமா வந்திருக்காரு. படம் முடியற வரைக்கும் அந்தப் பனியிலயே பின்னால ஒளிஞ்சு உட்கார்ந்திருக்காரு. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்கல."

எனக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அடுத்த வருஷம் நான் வந்து பிடிக்கறேன். கடையை ஒரு நாள் மூடினா ஊர் முழுகிடாது."

"வேண்டாம், கமிஜோ சான்."

"மரியாதைக்குச் சொல்லலை, நிஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும். ஆனா அந்தச் சுத்து வழி உங்களுக்குத் தெரியாதே" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் தெரியாது" என்றார்.

கேமராவை விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு அச்சகம் மூடுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார். புத்தாண்டு அன்று காலை அட்டை வந்தது. இரண்டு தடமும் அப்படியே இருந்தன. கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது.