ஒரு அவுன்ஸ் மைதா

பேக்கரி கவுண்டர்ல நிக்கறவனுக்குக் கேக்கு சாப்பிடற ஆசை ஒரே வாரத்துல போயிடும், ஆனா கேக்கு எடை கேட்டு வர்றவங்க மட்டும் ஆயுசுக்கும் போக மாட்டாங்க.

தொண்ணூறுகள்ல காக்ஸ் டவுன்ல ஒரு பேக்கரியில இருந்தேன். போர்டுல எல்லாம் கிலோ. கேக்கு டின்னுங்க எல்லாம் பவுண்டு. வர்றவங்க நாக்குல ரெண்டும். "ஒந்து பவுண்டு அந்த்ரே எஷ்டு?", அதாவது ஒரு பவுண்டுன்னா எவ்ளோன்னு ஒருத்தர் கன்னடத்துல கேட்டு முடிக்கறதுக்குள்ள, அரை கிலோவுல எத்தனை அவுன்ஸ்னு இன்னொருத்தர் நிப்பார். உங்கள்ல யாராவது கவுண்டர்ல நின்னிருந்தா, இந்நேரம் தலையாட்டியிருப்பீங்க.

எனக்கு ஈவினிங் காலேஜ். கவுண்டர் வேலை அஞ்சு மணிக்கு முடிஞ்சா ஓடிப் போய் பி.காம். கிளாஸ்ல உட்காரலாம். ஓவன்ல போட்டா ராத்திரி ஷிப்ட், காலேஜ் அவ்ளோதான். லாரன்ஸ் முதலாளி முதல் நாளே சொல்லிட்டார்: "டேய், கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். எடையில குழப்பம் பண்ணினே, நேரா ஓவனுக்குத்தான்."

ரெண்டு பவுன்

அல்சூர்ல இருந்து ஒருத்தர் கல்யாண நாளுக்கு ரெண்டு பவுண்டு கேக்கு சொல்லிட்டு, வீட்டு போன் நம்பர் குடுத்துட்டுப் போனார். ரெடியானதும் போன் அடிச்சேன். அவர் சம்சாரம் எடுத்தாங்க. "சார் சொன்ன ரெண்டு பவுண்டு ரெடிம்மா"ன்னேன். "நெஜமாவா?"ன்னு அந்தப் பக்கம் குரல் துள்ளுச்சு. கேக்குக்கு இவ்ளோ சந்தோஷமான்னு நினைச்சேன்.

அரை மணியில அந்த அம்மா பட்டுப் புடவை கட்டிட்டு, ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. நான் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ள பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி உள்ள பாத்தாங்க. கிரீமுக்கு அடியில வளையல் இருக்குமோன்னு ஒரு நிமிஷம் நம்பிக்கை கூட இருந்தது போல. மறுநாள் அவர் வந்தார், குரலைத் தணிச்சுக்கிட்டார். "தம்பி, அடுத்த வருஷம் கிலோவுலயே சொல்லிடுங்க. கிலோ கணக்குல நகை வாங்கித் தருவேன்னு அவ கனவுலகூட நம்ப மாட்டா."

பதினோரு கல்லு

பீன்யாவுல பேக்டரி வேலை பாத்த கோவிந்தன் சார் சனிக்கிழமை ஆனா பன்னு வாங்க வருவார். ஒரு நாள் முகமே சரியில்ல. லண்டன் போன பையன், தான் இப்போ பதினோரு ஸ்டோன் இருக்கேன்னு போன்ல சொன்னானாம். "கூடிட்டானா, குறைஞ்சிட்டானாப்பா? அவங்கம்மா சோறு திங்காம உக்காந்திருக்கா."

ஒரு ஸ்டோனுக்குப் பதினாலு பவுண்டு. பேப்பர்ல போட்டுப் பாத்து, "கிட்டத்தட்ட எழுபது கிலோ சார்"னேன். "அப்பாடா, போனப்ப அறுபத்தாறு"ன்னு பெருமூச்சு விட்டார். சந்தோஷத்துல ரெண்டு பன்னு கூட வாங்கினார். படி இறங்கினவர் திரும்பி வந்து கேட்டார்: "ஏம்ப்பா, இன்னும் கல்லு வெச்சு எடை போடற ஊருக்கா இவன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கான்?"

நூறுன்னா நூறு இல்ல

டிசம்பர் தொடங்கினதும் ஓவன் மாஸ்டர் பாஷா பாய், "ஒரு ஹண்ட்ரட்வெயிட் மைதா எடுத்து வை"ன்னார். பேரே ஹண்ட்ரட். நூறு பவுண்டு நிறுத்து வெச்சேன். அவர் தண்ணியை எப்பவும்போல ஊத்தினார். பன்னு மாவு மேசையில நிக்காம ஓட ஆரம்பிச்சது. அப்புறம்தான் தெரிஞ்சது, ஹண்ட்ரட்வெயிட்னா நூத்திப் பன்னெண்டு பவுண்டாம். முதலாளி கல்லாவுல இருந்தே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரு தப்புதான் பாக்கின்னு அர்த்தம்.

பாஷா பாய் மட்டும் சிரிச்சார். "அரே, வெள்ளக்காரன் நமக்குக் கூடப் போட்டுக் குடுத்தது இது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டியே பையா!"

அவுன்ஸ் கிளாஸ்

கிறிஸ்துமஸ் வாரத்துல எங்க ஏரியாக்காரங்க வீட்டுலயே கேக்கு மாவு கலந்து, டின்னோட கொண்டு வந்து எங்க ஓவன்ல சுட்டுட்டுப் போவாங்க. திண்டுக்கல்ல இருந்து கல்யாணம் ஆகி வந்த ஸ்டெல்லா அந்த வாரம் ஒரு நாள் வந்து கேட்டுச்சு: "அண்ணா, ஒரு பவுண்டு மைதான்னா எவ்ளோ?" பதினாறு அவுன்ஸ்னு சொன்னேன். மாமியார் வீட்டுல அந்தப் பொண்ணு செய்யற முதல் கேக்கு.

மறுநாள் டின்னைத் திறந்த பாஷா பாய், "இது கேக்கு இல்ல மகளே, பாயசம்"ன்னார். ஸ்டெல்லா கண்ணுல தண்ணி. கைப்பையில இருந்து மருந்து குடிக்கற அவுன்ஸ் கிளாஸை எடுத்துச்சு. "வீட்டுல தராசு இல்லண்ணா. இதுலதான் மைதாவைப் பதினாறு தடவை அளந்து போட்டேன்."

முதலாளி வரிசையில நின்ன ஜனங்க முன்னாடியே எழுந்தார். அவர் முப்பது வருஷமா கல்லாவுலயே இருந்தவர், மாவைத் தொட்டதில்ல. "பொண்ணு கரெக்டாதான் அளந்திருக்கு. அவுன்ஸ் கிளாஸ்ல அளந்தா அவுன்ஸ்தானே வரும்? அப்ப பதினாறுங்கறதுதான் தப்பு. டேய், நாளையில இருந்து ராத்திரி ஷிப்ட்."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாஷா பாய் அந்தக் கிளாஸ் நிறைய மைதாவை எடுத்து, புது எலெக்ட்ரானிக் தராசுல கொட்டினார். ஒரு அவுன்ஸ்னா இருபத்தெட்டு கிராம் வரணும். பதினேழுதான் காட்டுச்சு. முதலாளி தராசைத் தட்டிப் பாத்தார். அவரே ஒரு கிளாஸ் போட்டார். மறுபடியும் பதினேழு. அது தண்ணிக்கும் மருந்துக்கும் அளவு போட்ட கிளாஸ். மாவுக்கு இல்ல. வரிசையில இருந்த ஒரு ஆன்ட்டி, "போன வருஷம் நீங்கதானே லாரன்ஸ் என்னை அவுன்ஸ் கிளாஸ்ல அளக்கச் சொன்னீங்க? அதான் என் கேக்கு குழி விழுந்துச்சா!"ன்னாங்க. கடையே சிரிச்சது. ஸ்டெல்லாவும் மூக்கைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சுது.

குறைஞ்ச மைதாவை நிறுத்துப் போட்டு, டின்னை ஓவன்ல தள்ளினோம். கேக்கு கும்முனு எழும்பி வந்துச்சு. கடை கொஞ்சம் காலியானதும் முதலாளி என்கிட்ட வந்து காதோட சொன்னார்: "கவுண்டர்ல நீயே நில்லுடா. இனிமே யாராவது அவுன்ஸ் பத்திக் கேட்டா, நான் சர்ச்சுக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு."

ஆக, கவுண்டர்ல நிலைச்சு நிக்கறதுக்கு எடைக் கணக்கு தனக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, அது முதலாளிக்குத் தெரியாதுங்கறதும் நாலு பேர் முன்னாடி தெரியணும்.