நம்பிக்கைப் பெட்டி

எங்கள் நிதி அலுவலகத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. ஒரு பேனை வாங்கவும் ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும். ஐந்தாமவர் மற்ற நாலு பேரையும் கள்வர் என்றே நினைத்துக்கொண்டு கையெழுத்திடுவார். இதைத் திருத்தவென்று கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அரைநாள் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அந்த வகுப்புக்கே காலையில் ஒரு கையெழுத்து, தேநீருக்குப் பின் இன்னொன்று. இடையில் ஓடிவிடுவோமாம்.

அவர் போனதும் எங்கள் கணக்காளர் சேர் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார். மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதலாம், எழுதியது யாரென்று தேடமாட்டேன் என்றார். பெட்டிக்குப் பூட்டு. சாவி அவரிடம்.

நானும் நம்பித் தொலைத்தேன். கம்பளையிலிருந்து கண்டிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள் நான். ஊருக்கே மாற்றம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடமாகச் சேரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதற்குள் என் மகள் அடுத்த வீட்டு அக்காவை ‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அதைக் கேட்ட மறுநாளே, ‘இடமாற்றம் கேட்டால் ஆம், இல்லை என்றுகூடப் பதில் சொல்லாதவரை எப்படி நம்புவது?’ என்று எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டேன். தமிழில்.

அந்த அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தவளை தன் வாயால் கெடும். நான் கையால் கெட்டேன். பக்கத்து மேசையில் இருந்த அக்குறணை முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், வீட்டில் தமிழ் பேசினாலும் சிங்களத்தில் படித்தவர். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏன் புள்ள, சிங்களத்துல எழுதி இருக்கலாந்தானே?”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சேர் பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் நீட்டினார். யார் எழுதியதோ தெரியாது, மிஸ்தான் சிங்களத்தில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றார், வெகு மரியாதையாக. தேநீர் சரியில்லை என்று எழுதியிருப்பதாகச் சொல்லித் தப்பியிருக்கலாம். ராத்தாவும் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். சேர் கைதட்டினார், அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள்.

அந்த வாரமே என் விண்ணப்பம் லாச்சியை விட்டு வெளியே வந்தது. அடியில் சேர் முத்து முத்தாக எழுதியிருந்தார்: இவர் மிக நேர்மையானவர், பெட்டியில் விழும் தமிழ்க் கடிதங்களை வாசிக்க இவரை விட்டால் ஆளில்லை, ஆகவே விடுவிக்க முடியாது.