கையெழுத்துப் போட்ட ஆளை அனுப்புங்கள்

1. ஃபேக்ஸ்

ஹாலந்திலிருந்து வந்த ஃபேக்ஸில் நான்கு வரிகள்தான் இருந்தன. நாற்பது டிரம் மாம்பழ பல்ப் புளித்து மூடி உப்பிவிட்டது. மீதி நூற்றிருபது டிரம்மையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட ஆளை அனுப்புங்கள்.

அந்த ஆள் நான்தான் என்று முதலாளி சொன்னார்.

சித்தூருக்கு வெளியே, மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைக்கும் ஒரு பல்ப் ஃபேக்டரியில் நான் அப்போது லேப் கெமிஸ்ட். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று கதவு திறந்ததும் எங்கள் பக்கம் வரிசையாக பல்ப் ஃபேக்டரிகள் முளைத்த காலம் அது. சொந்த ஊரான குடிபாலாவில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. நைனாவுக்கு அடுத்தவர் மாந்தோப்பில் கூலி வேலை. அம்மா இதே ஃபேக்டரியில் பெல்ட் பக்கத்தில் நின்று அழுகல் பழத்தைப் பொறுக்கிப் போடுவாள். அதே கட்டடத்தின் மாடியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய பெருமை.

"ஜெகதா, நீயே போய்க்கினு வாம்மா" என்றார் முதலாளி. "அவன் என்னா கேட்டாலும் ஒத்துக்காத. கப்பல் வெயில்ல நின்னதுல சரக்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அங்க மார்க்கெட் எறங்கினா இப்படித்தான் எதனா நொட்டை சொல்லுவான்."

"எந்த பேட்ச் சார்? என் நோட்டை எடுத்துக்கினு போறேன்."

"நோட்டு எதுக்கு? பேப்பர் எல்லாம் அவன்கிட்ட கீது. அதுல என்னா இருக்குதோ அதான் உன் பேச்சு."

நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன். முதலாளி மேல் சந்தேகப்பட்டு அல்ல. வெள்ளைக்காரர்கள் என் ரீடிங்கை மாற்றி எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. கிளம்பும் அன்று அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்னா கறின்னு கேட்டுக்கினு துன்னு. கேக்காம எதையும் வாய்ல வைக்காத."

2. ஒரே ஒரு பிஸ்கெட்

அங்கே ஏர்போர்ட்டிலேயே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. என் பெட்டியிலிருந்த பருப்புப்பொடியையும் ரசப்பொடியையும் ஒரு அதிகாரி வெளியே எடுத்து வைத்து, மூன்று முறை முகர்ந்து பார்த்தார். நான்காவது முறை தும்மினார். அதற்குப் பிறகுதான் விட்டார்.

ஃபேக்ஸ் அனுப்பிய ஜூஸ் கம்பெனியின் லேப் ஹெட் ஹன்னா என்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய தலைமுடி. எனக்குக் காபி கொடுத்து, ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒரு பிஸ்கெட் எடுத்தேன். டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கறுப்பாக இருக்கிறோம், கெட்ட சரக்குக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறோம், அதனால் ஒன்றோடு நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர்களுடைய டைரக்டரே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு பிஸ்கெட்தான். அதற்குப் பிறகும் என் மனம் முழுசாக ஆறவில்லை.

முதல் நாள் அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஹன்னா கேட்டார். "இந்தச் சரக்கை நீங்கள் டெஸ்ட் செய்தீர்களா?"

மேலே சொல்லுங்கள், கேட்கிறேன் என்ற அர்த்தத்தில் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் தன் பேப்பரில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். பதறிப்போய் "யெஸ், யெஸ்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஒன்று நீங்கள் பொய் சொல்கிறீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பேப்பர் பொய் சொல்கிறது. எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

நம் ஆபீசில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அந்த ஆளைத் தவிர எல்லோருக்கும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹன்னா மணியைப் பார்த்து எழுந்தார். "பன்னிரண்டு ஆகிறது. சாப்பிடப் போகலாம், வாருங்கள்."

மதியச் சாப்பாடு என்றால் அங்கே ஆறிப்போன ரொட்டி, சீஸ், ஒரு சூப். சாதம் என்ற பேச்சே இல்லை. ஒரு குவளையில் வெள்ளையாக ஏதோ வைத்தார்கள். பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தேன். மோர்! உப்பில்லாத, கெட்டியான மோர். அந்த ஊரில் நான் கேள்வி கேட்காமல் நம்பியது அது ஒன்றைத்தான். சூப்பைக் காட்டி என்ன கறி என்று கேட்டேன். ஹன்னா குப்பைக்கூடையில் கிடந்த சூப் பாக்கெட்டை எடுத்து வந்து, பின்னால் அச்சடித்திருந்ததை வரிவரியாக இங்கிலீஷில் சொன்னார். மாட்டு எலும்புச் சாறு. வேண்டாம் என்றேன். சரி என்று ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

3. பாய்லர் ஓடாத வெள்ளிக்கிழமை

இரண்டாம் நாள் டிரம்களைத் திறந்தோம். என்னைத் தனியாக எதையும் தொட விடவில்லை. அவர் தனியாகத் தொடுவதற்கு நானும் விடவில்லை. அவர் ஒரு முறை ரீடிங் எடுத்தால் நான் ஒரு முறை எடுப்பேன். சர்க்கரை அளவு மிகவும் இறங்கியிருந்தது. கள் மாதிரி வாடை வந்தது. அதைவிட என்னைக் கலக்கியது வேறொன்று. ஸ்பூனில் நார் நாராக வந்தது. எங்கள் ஃபேக்டரி சல்லடையில் அந்த நார் தப்பவே முடியாது.

கெட்டுப்போன நாற்பது டிரம்மும் ஒரே தேதி, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. என் நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் ஒரே வரி: 'பாய்லர் ரிப்பேர். புரொடக்‌ஷன் இல்லை.'

நோட்டே வேண்டியதில்லை. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சீசன் நடுவில் திடீரென்று லீவு கிடைத்ததென்று அம்மாவும் நானும் திருப்பதிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டு வந்தோம்.

ஹன்னாவிடமிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஓடாத பாய்லரில் செய்த பல்ப்புக்கு எல்லா ரீடிங்கும் அழகாக நிரப்பியிருந்தது. தாள் என் டிராயரில் நிரப்பாமல் கிடக்கும், என் பெயர் அச்சடித்த தாள்தான். கீழே என் பெயரில் கையெழுத்து. நான் இனிஷியலுக்குப் புள்ளி வைக்கமாட்டேன். அதில் புள்ளி வைத்திருந்தது.

ஊருக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்றேன். ஹன்னா ஏன் என்று கேட்கவில்லை. தன் ரூமைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"சார், அந்த வெள்ளிக்கிழமை நம்ம ஃபேக்டரி ஓடவே இல்லியே?"

முதலாளி மெதுவாகச் சொன்னார். "ஆர்டருக்கு நாப்பது டிரம் பத்தல. வெளிய ஒரு சின்ன யூனிட்ல வாங்கி நம்ம லேபிள் ஒட்டினோம். இப்ப அதப் பேசி என்னா? கையெழுத்து உன்னுதுதான்னு சொல்லிட்டு வா."

"நான் போடலியே சார்."

"ஜெகதா, நூத்தம்பது பொம்பளைங்க நம்மள நம்பிக்கினு கீறாங்கோ. உங்கம்மாவும் அதுல ஒருத்தி. மறந்துடாத."

போனை வைத்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது பெல்ட் பக்கத்தில் நிற்கும் பெண்கள்தான். மாடியில் இருக்கிறவர்கள் இல்லை.

4. பட்டாணி சூப்

மறுநாள் மறுபடி மதியச் சாப்பாடு. அன்றைக்குப் பச்சை சூப். நான் வாய் திறப்பதற்கு முன்பே ஹன்னா பாக்கெட்டை எடுத்து வந்துவிட்டார். "பட்டாணி, பன்றிக்கறி. உங்களுக்கு ஆகாது."

"தினமும் சந்தேகப்பட்டுக் கேட்கிறேன். உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சாப்பிடப்போவது நீங்கள். கேட்காமல் எப்படி? அந்த ஜூஸைக் குடிக்கப்போவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நானும் அதனால்தான் கேட்கிறேன்."

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தத் தேதியில் எங்கள் ஃபேக்டரி ஓடவில்லை. ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து இல்லை. மற்ற நூற்றிருபதும் நான் பார்த்த சரக்கு. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், கூட நிற்கிறேன்."

பாராட்டு எதுவும் வரவில்லை. "சரி, அதையும் சரிபார்க்கிறேன்" என்றார். மூன்று நாள் நின்றேன். நூற்றிருபதும் தேறியது. கடைசி டிரம் முடிந்ததும்தான் கையை நீட்டிக் குலுக்கினார்.

5. இருபது நிமிடம்

ஊருக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார். "என் சோத்த துன்னுட்டு அவனுக்குச் சாட்சி சொல்லிட்டு வந்துட்டல்ல?"

"நம்ம நூத்திருபது டிரம்முக்கும் நான்தான் சார் சாட்சி சொன்னேன்."

வேலையை விட்டுத் தூக்குவார் என்று காத்திருந்தேன். தூக்கவில்லை, தூக்க முடியவில்லை. அடுத்த சீசன் ஆர்டரில் ஹன்னா ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: ஒவ்வொரு பேட்ச் ரிப்போர்ட்டோடும் என் நோட்டுப் பக்கத்தின் நகலும் வர வேண்டும். அம்மா பெல்ட் வேலையில் இருந்தாள். அந்த நூற்றைம்பது பேரும் இருந்தார்கள்.

ஆனால் அன்றிலிருந்து முதலாளி என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. என் பெயரை அச்சடித்த தாள் எதையும் நிரப்பாமல் டிராயரில் வைப்பதை விட்டுவிட்டேன்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டால் அவமானம் என்று நினைக்காதீர்கள். பதில் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேடுங்கள். ஊர் விட்டு ஊர் போய் சூப்பில் என்ன கறி என்று தினமும் விசாரித்த நான், என் பெயரில் என்ன பேப்பர் போகிறதென்று சொந்த ஆபீசில் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அடுத்த சீசனின் முதல் லோடு ஏறும் நாளில் முதலாளி லேப் வாசலில் வந்து நின்றார். "கன்டெய்னர் நிக்குது. கையெழுத்த போடும்மா, ரீடிங் அப்புறம் எழுதிக்கலாம்."

"பாத்துட்டுப் போடறேன் சார்."

முறைத்துக்கொண்டே இருபது நிமிடம் அங்கேயே நின்றார். நான் அவசரப்படவில்லை. ரீடிங்கை இன்னொரு முறை எடுத்தேன்.