மதகுருமார் சீட்டில் ருவன்வெலிசாய

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எங்கள் மாதிரித் தூபியை மூடியிருந்த படங்கைக் கவனித்தேன். பகீரென்றது.

தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வருடச் செயற்றிட்டம், ஒரு தேசிய நினைவுச்சின்னத்தை ஆராய்ந்து மாதிரி செய்வது. எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அநுராதபுரத்துப் பெரிய பௌத்தத் தூபியான ருவன்வெலிசாயவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. நூலகப் புத்தகத்தையும் என் போனையும் பார்த்து, பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துக் காகிதம் ஒட்டி, வெள்ளை பூசி, உச்சியில் கூர்முடியும் வைத்துவிட்டார்கள்.

ஹட்டனில் கண்காட்சி. தூறலில் நனையாதிருக்க, குழுத்தலைவி தர்ஷினி தூபியைத் தன் அம்மாவின் படங்கால் மூடியிருந்தாள். தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அதுதான். புத்தருடைய தாது வைத்த தூபியின் மேல் இடுப்பில் கட்டுகிற படங்கு!

"கழுவுனதுதாங்க டீச்சர்" என்றாள்.

கழுவினால் ஆயிற்றா? புனிதச் சின்னத்தை அவமதித்தார்கள் என்று யாராவது ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும். என் வேலை கிடக்கட்டும், இந்தப் பிள்ளையை அல்லவா விசாரிப்பார்கள்?

கண்டக்டர் வேறு வந்துவிட்டார். "டீச்சர், மூட்டைய கீழ வைங்க. ஆளுங்க ஏறணும்ல."

"கீழ வைக்கக் கூடாதுங்க தம்பி."

"அப்படி என்னா இருக்கு உள்ள?" படங்கை விலக்கிப் பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிறகு அவரே முன்னால் 'மதகுருமார்களுக்கு' என்று எழுதியிருந்த சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி, ஜன்னலோரம் தூபியை வைத்தார். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த தரிப்பிடத்தில் ஒரு பிக்கு ஏறினார்.

பிக்குவின் பக்கத்தில் பெண்கள் உட்காருவதில்லை. தர்ஷினி துள்ளி எழும்பினாள். இனி அத்தனை வளைவிலும் தூபியை யார் பிடிப்பது? அவர் உட்கார்ந்தார். தூபியைப் பார்த்தார், தர்ஷினி கையிலிருந்த படங்கைப் பார்த்தார். "இது எதற்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோயிற்று. மழை என்று மட்டும் சொன்னேன். ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பிக்குகள் பெண்கள் கையிலிருந்து நேரே எதையும் வாங்கமாட்டார்கள்; அவர் கண்டக்டரிடம் சொல்லிப் படங்கை வாங்கி, தானே தூபியைச் சுற்றிப் போர்த்தினார். உச்சியில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை. பிரித் மந்திரம் சொல்லி ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்து நான் மரியாதையாகத் தலைகுனிந்து நின்றேன்.

ஹட்டனில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழும்பவில்லை. "பசை காயவில்லை. கையை எடுத்தால் கூர்முடி விழுந்துவிடும். யாராவது பிடியுங்கள்" என்றார்.

கண்டக்டர் ஓடிவந்து பிடித்து, தர்ஷினியிடம் கொடுத்தார்.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு வெளியே கிளம்பும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கள் குளிரில் பசை காய இரண்டு நாள் விடுங்கள். யார் என்ன சொல்வார்களோ என்று முகங்களைப் பார்ப்பதை விட்டு, கொண்டுபோகிற பொருளைப் பாருங்கள்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் தர்ஷினி சொன்னாள், "பாவம் டீச்சர், அந்த பிக்கு சாமிக்குக் கை மரத்துப் போயிருக்கும்ல."

வழி நெடுக அவரைப் பார்த்துப் பயந்துகொண்டே வந்த எனக்கு அது தோன்றவேயில்லை.