கொட்டுக்கு முன்னால் ஒரு நாற்காலி

இந்த ஊரில் சத்தம் போடுவதற்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அடுத்த வீட்டு லொரெட்டா கதவைத் தட்டி, "நாளைக்கு என் மகனுக்குப் பிறந்தநாள், சாயங்காலம் கொஞ்சம் பாட்டுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்வீர்களா?" என்றபோது, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு எடுத்துவந்து கொடுத்தேன். எங்கள் பந்தல்குடியில் யார் யாரிடம் கேட்டார்கள்? பங்குனி பிறந்துவிட்டால் குழாய் ஸ்பீக்கர் விடிவதற்கு முன்பே அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிகளின் ஹாரன், எங்கள் அப்பாவின் பருத்திக்கொட்டைக் கடை ரேடியோ. அமெரிக்காவில் இந்த மெம்பிஸுக்கு வந்த பிறகு பகலெல்லாம் எனக்குக் கேட்டது பிரிட்ஜின் இரைச்சல் மட்டும்தான். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அழுததாக நம் ஊர்ப் பெண்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அழவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கொட்டுச் சத்தம் என்மேல் வந்து விழாத ஊர் என்று நிம்மதியாக இருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாமி வரும்.

ஒரே ஒரு முறைதான் வந்தது. எண்பதுகளின் நடுவில், நான் பிளஸ் டூ முடித்த வருடம், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலன்று. உறுமி என்ற கொட்டை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தை அடிப்பார்கள், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் சத்தம் காதுக்குள் போகாது, நேராக அடிவயிற்றுக்குப் போகும். எனக்கு முதலில் கொட்டாவி வந்தது. அடுத்தடுத்துக் கொட்டாவி. கால் விரல்கள் சில்லிட்டன. அப்புறம் எதுவும் தெரியாது. கண் விழித்தபோது தாவணியெல்லாம் மஞ்சள் தண்ணீர், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, தொண்டை கட்டிப் போயிருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களைப் பேர் சொல்லித் திட்டினேனாம். அவர்களும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்களாம். அதெல்லாம் எங்கள் பக்கம் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அன்றைக்குத் திருவிழா பார்க்கிற சாக்கில் என்னைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களும் என் கையாலேயே விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு மரியாதையாகப் போனார்கள். நாலு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள்: "சாமி வர்ற பொண்ணக் கும்புட்டுக்கிறலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி என்ன செய்யிறது?"

அம்மா என்னைத் திட்டவில்லை. "இனிமே உறுமிச் சத்தம் கேக்குற பக்கமே போயிராத ஆத்தா. ஒன்னைய நான் கரை சேக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு என்னை மல்லாங்கிணற்றுச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பொங்கல் வந்தால் திருச்சுழிக்கு. ஊர் ஊராக என் சாமிக்கு ஒளிந்துகொண்டு பஸ் ஏறினேன். மதுரையிலிருந்து என் கணவர் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. இவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குச் சாமியிடம் பயமில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் எங்கே போயிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லையே, அதுதான் பயம். அமெரிக்காவில் அது வந்தால் விபூதியா பூசுவார்கள்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து இவரிடம் கேள்வி கேட்பார்கள்.

இந்தக் கோடையில் லொரெட்டா எங்கள் இருவரையும் பாட்டுக் கேட்கக் கூப்பிட்டார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர், என்னைவிடப் பெரியவர், கறுப்பினத்துப் பெண்மணி. எனக்கு இந்த ஊரில் உள்ள ஒரே சிநேகிதி. மனதுக்குள் நான் லொரெட்டா அக்கா என்றுதான் சொல்வேன். ஆற்றோரப் பூங்காவில் உள்ளூர்க்காரர்கள் நாள் முழுக்க ப்ளூஸ் வாசிப்பார்கள் என்றார். ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். மனசு கனத்துப் போனால் பாடுகிற பாட்டு, பருத்திக்காட்டிலிருந்து வந்தது என்றார். சோகப் பாட்டுத்தானே, உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் போய், "அங்கே கொட்டு இருக்குமா?" என்று விசாரித்தேன். "இல்லாமலா, ஹனி!" என்று சிரித்தார். பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கொட்டென்றால் உயிர் என்று அவர் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை கைப்பையில் விபூதிப் பொட்டலமும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு போய் இறங்கினால், அக்கா விடியற்காலையிலேயே வந்து எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். முதல் வரிசை. ட்ரம்ஸுக்கு நேர் எதிரே.

வெயில் எங்கள் சித்திரை வெயில்தான். புல்தரையெல்லாம் மடக்கு நாற்காலிகள், கறி வாட்டுகிற புகை, குழந்தைகள். இவர் மீன் வறுவலை வாங்கிவந்து, "நம்மூர் அயிரைக்குப் பக்கத்துல நிக்காது" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றார். முதல் பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. ஒருவர் வாயில் வைத்து ஊதும் சின்ன ஹார்மோனிகாவில் ரயில் போவது போலவே வாசித்தார். நான்கூடக் கை தட்டினேன். பிறகு தொப்பி போட்ட ஒரு வயசாளி கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார். விரலில் ஓர் இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் அழுத்தித் தேய்த்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே தேய்ப்பு. பின்னால் ட்ரம்ஸ் நிதானமாக விழுந்தது. ஒரு கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னொன்று வந்தது. நாற்காலியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆத்தா, இங்க வேண்டாம், இவுக முன்னாடி வேண்டாம், வீட்டுக்குப் போயிரு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"என்ன விஜயா, தூக்கமா வருது? வெயிலு ஒத்துக்கலையா?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லங்க. செத்த நேரம் அந்தப் பக்கமா நடந்துட்டு வாரேன்."

எழுந்தேன். அப்போதுதான் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி செருப்பை உதறிவிட்டு மேடையின் கீழே போய் நின்றார். நல்ல உயரம், மஞ்சள் கவுன். கண்களை மூடி, கைகளை மேலே தூக்கி, தலையைப் பக்கத்துக்குப் பக்கம் சுழற்றி ஆடினார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் சாமி ஆடுகிறவர்களைப் பின்னாலிருந்து ஒருத்தி இடுப்போடு பிடித்துக்கொள்வாள், கீழே விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று. நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் அவரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன். பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் விபூதியைப் பூசினேன். "யாரு ஆத்தா வந்துருக்கீக? என்ன வேணும்னு சொல்லுங்க" என்று தமிழிலேயே கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். தெளிவான, சாதாரணமான கண்கள். அந்தக் கண்களுக்குள் வேறு யாரும் வந்திருக்கவில்லை. பாட்டுப் பிடித்துப்போய் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண், அவ்வளவுதான். பிடித்த பிடியை விட்டேன். அவரோ ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, நான் தனியாக ஆட வெட்கப்பட்டுத் துணை தேடி வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார். சிரித்து, என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கூட்டம் கை தட்டியது. லொரெட்டா அக்கா விசிலே அடித்துவிட்டார். ட்ரம்ஸ் என் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது. இனித் தப்ப வழியில்லை. வருவது வரட்டும் என்று கண்களை மூடிக்கொண்டேன்.

வரவில்லை.

காத்திருந்தேன். கிட்டார் தேய்ந்தது, தரை அதிர்ந்தது. கொட்டாவி போன இடம் தெரியவில்லை. கால் விரல்கள் வெயிலில் சுட்டன. கொட்டு வெறும் கொட்டாக இருந்தது, நான் வெறும் விஜயாவாக நின்றேன். பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்மணி நெற்றியைத் தொட்டு இது என்ன என்று கேட்டார். "எங்கள் ஊரில் நல்லதுக்குப் பூசுவது" என்றேன். சரி, இருக்கட்டும் என்று சாயங்காலம் வரை அழிக்காமலே திரிந்தார்.

காரில் வரும்போது இவர் விடாமல் சிரித்தார். "நீ ஆடுவேன்னு எனக்குத் தெரியவே தெரியாதே! இத்தனை நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" நான் கைப்பைக்குள் கையை விட்டு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, அங்கே சாயங்காலம், கடைக்குப் போன் போட்டேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். உறுமி மாதிரியே ஒரு சத்தம், கொட்டுக்கு நேர் முன்னால் நின்றேன் என்றேன். "ஐயையோ! மாப்பிள்ளை பாத்துட்டாகளா?" என்று பதறினாள்.

"பயப்படாதம்மா. ஒண்ணும் வரல."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஒண்ணுமேயா வரல?"

"ஆமா."

"நல்லா கிட்டத்துல நின்னியா?"

"நின்னேம்மா."

"அப்ப அவ ஒன்னைய விட்டுட்டாளா ஆத்தா?"

என்னை ஊர் ஊராக ஒளித்து வைத்தவளின் குரலில் இப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை. அம்மா அழத் தொடங்கினாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்று அவளுக்குச் சொல்லப் போனேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.

அந்த எலுமிச்சம்பழம் இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. ஜூஸ் போடலாமா என்று இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேறு பழம் வாங்கிவரச் சொன்னேன். நேற்று லொரெட்டா அக்கா கதவைத் தட்டி, மகன் புதிதாக ட்ரம்ஸ் வாங்கியிருக்கிறான், மத்தியானம் கொஞ்சம் சத்தம் கேட்கும், ஜன்னலைச் சாத்திக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாத்தவில்லை. முழுதாகத் திறக்கவும் துணிச்சல் இல்லை. கையளவு திறந்து வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கொட்டாவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.