சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்

வலியசாலையில் எங்கள் அடுத்த வீட்டு நாகேஸ்வரன் மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்றபிறகு கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டது தெருவுக்கே வேடிக்கையாக இருந்தது. பழவங்காடியில் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவருக்கு இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். மகள் ஆஷா தன்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.

அபிஜித்தைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஆஷா சொன்ன அன்று மாமா வாயை அடக்கவில்லை. அவள் அவனோடு ஜெர்மனிக்குப் போனபின் அம்மா வாலாம்பாளுக்கு மட்டும்தான் போன் வரும். ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் இணையதளம் ஒன்றில், ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவாள். மாமா அவற்றை ஒன்றுவிடாமல் படிப்பார். பாதி புரியாது. அந்தப் பொறுமையில் கொஞ்சம் தனக்கும் கிடைக்காதா என்று ஏங்கிப்போவார்.

கடைசியில் வேறு பெயரில் அவரே ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய நிரலிடம் எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால், இரண்டுக்கு முன்னால் பத்து வந்து நின்றது. வணக்கத்தில் தொடங்கி, 'சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் முடித்தார். யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். கை தானாக எழுதிவிட்டது.

மறுநாள் பார்த்தால் வணக்கத்தையும் சாப்பாட்டையும் யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். கீழே ஆஷாவின் ஒரே வரி: 'இதுவரை என்ன முயன்று பார்த்தீர்கள்?'

மாமாவுக்குச் சுருக்கென்றது. ஆள் யாரென்று தெரியாமலே எடுத்தெறிந்து பேசுகிறாள் என்று என்னிடம் வந்து பொருமினார். டெக்னோபார்க்கில் நிரல் எழுதுகிற வேலையில் இருக்கிற எனக்கு அந்த வரி பழகிப்போனது.

"அது திட்டறது இல்லே மாமா. நீங்க எழுதினதைக் காட்டுங்கோ, எங்கே தப்புன்னு பாக்கலாம்னு அர்த்தமாக்கும். இஷ்டம் இல்லேன்னா பேசாம போயிருப்பா."

மரியாதை வரிகள் அங்கே வழக்கமில்லை, கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம் என்பதையும் சொன்னேன். மாமா தான் எழுதிய நிரல் முழுவதையும் சேர்த்தார். சாப்பாட்டு வரியை மட்டும் விட மனசு வரவில்லை. அதையும் திரும்ப எழுதினார்.

பதில் வந்தபோது நானும் கூட இருந்தேன். நிரல் எண்களை எழுத்தாகப் படித்திருக்கிறது, அதனால் பத்தின் முதலில் இருக்கும் ஒன்றை மட்டும் பார்த்து அதை இரண்டுக்கு முன்னால் போட்டிருக்கிறது என்று ஆஷா நிதானமாக விளக்கியிருந்தாள். அதற்கும் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, தனியே ஒரு வரி: 'சாப்டேன்ப்பா.'

மாமா சமையலறைக்கு ஓடினார். மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்த வரி போய்விட்டது. கேள்விக்குத் தொடர்பில்லாததை அங்கே நீக்கிவிடுவார்கள். நீக்கிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பத்தையும் இரண்டையும் பற்றிய விளக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

எங்கே, எங்கே என்று மாமி கேட்டாள். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஷா சாப்ட்டாளாம்" என்றார்.